காயாத நாலு கோடு

என் கணவர் அச்சு மிஷின் ஓட்டுகிறவர். சிவகாசியில் இருபத்திரண்டு வருஷமாகக் காலண்டரும் டைரியும் பட்டாசுப் பெட்டி லேபிளும் அடித்து அடித்து, நிறத்தைப் பற்றித் தமக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டவர். சேலை எடுக்கப் போனால்கூடக் கடைக்காரரிடம், "இதுல மெஜன்டா கூடிப்போச்சே" என்பார். அந்த மனுஷனிடம் என் ஸ்கூட்டரைக் கொடுத்தது என் தப்புதான்.

ஸ்கூட்டர் தம்பி கொடுத்தது. பழசு, வெள்ளை நிறம், கெட்டித் தகரம். நாற்பத்தாறு வயதில், சர்ச் மைதானத்தில் அதை ஓட்டிப் பழகினேன். மைதானத்துச் சுற்றுச்சுவர் எனக்கு ஒத்துழைக்கவில்லை. ஒரே மாதத்தில் இடது பக்கம் மூன்று கீறல், வலது பக்கம் இரண்டு.

சாத்தூர் ரோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். பத்தொன்பது வருஷமாக அவருடைய பைக்கின் பின்சீட்டில்தான் வேலைக்குப் போனேன். முப்பதுக்கு மேல் அவர் வேகம் ஏறாது. வழியில் தெரிந்தவர் எதிர்ப்பட்டால் காலை ஊன்றி நின்று நலம் விசாரிப்பார். அதனால் தினமும் பத்து நிமிஷம் தாமதம், தினமும் நான் மன்னிப்புக் கேட்பேன். இந்த நிலையில்தான் என்னை வார்டுக்குப் பொறுப்பாக்கினார்கள், ஆடி வெள்ளியிலிருந்து. ஆடியில் யாரும் புதுப் பொறுப்பு ஏற்க மாட்டார்கள் என்று எனக்கு முன்னால் இருந்த இருவர் கழன்றுகொண்டார்கள். சர்ச்சுக்குப் போகிற எனக்கு ஆடியும் ஆவணியும் ஒன்றுதான். சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. "வெள்ளிக்கிழமை நானே வண்டி ஓட்டிட்டு வாரேன், பாருங்க" என்று எல்லா நர்ஸ்களிடமும் சொல்லிவிட்டேன்.

"பொறுப்புள்ள சிஸ்டர் கீறல் விழுந்த வண்டியிலயா போறது? நான் கோடு போட்டு மறைச்சுத் தாரேன்" என்றார் அவர்.

புதன்கிழமை கரண்டு நிறுத்தம். பிரஸ் லீவு. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, டேப் ஒட்டி, ஸ்கேல் வைத்து, அளப்பதற்கே ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். பெயிண்ட் எங்கே என்று கேட்டேன். பிரஸ்ஸிலிருந்து நாலு குட்டி டப்பாவில் கொண்டுவந்த அச்சு மையைக் காட்டினார். "வருஷம் முழுக்கச் செவுத்துல தொங்கியும் மங்காத மை இது. பெயிண்ட்டு என்ன பெயிண்ட்டு!" என்றார். நம்பினேன்.

மஞ்சள், மெஜன்டா, நீலம், கறுப்பு. இரண்டு பக்கமும் நாலு நாலு கோடு, மயிரிழை பிசகாமல். கீறல் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஆனால் எங்கள் ஊரில் அந்த நாலு நிறத்தையும் அந்த வரிசையில் பார்த்தால் எல்லோரும் சிரிப்பார்கள். அச்சடித்த தாளின் ஓரத்தில், நிறம் சரியாக விழுகிறதா என்று பார்ப்பதற்காகப் போடுகிற பட்டை அது. கடைசியில் வெட்டிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். பைண்டிங்கில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சிஸ்டர், வண்டி இன்னும் கட்டிங் போகலையோ?" என்றார்.

வியாழக்கிழமை காலையில் தொட்டுப் பார்த்தேன். விரலில் மஞ்சள். மத்தியானம் தொட்டேன், நீலம். "காஞ்சிரும்" என்றார். சாயங்காலம் பிரஸ்ஸிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். தாளுக்குத் தாள் மை ஒட்டாமல் இருக்க மிஷினில் தூவும் மாவு. அதை வண்டி மேல் தூவினார். குளிப்பாட்டிப் பவுடர் போட்ட குழந்தை மாதிரி நின்றது வண்டி. தெருப்பூனை ஒன்று அதில் உரசிவிட்டு, விலாவில் நாலு கோட்டோடு தன் பாட்டுக்குப் போனது.

வெள்ளிக்கிழமை. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில் வெளியே வந்து வண்டியைத் தொட்டேன். பிசுபிசுவென்று விரல் ஒட்டியது. அவரோ தம் பைக்கைத் துடைத்து, சாத்தூர்ப் பக்கம் பார்க்கத் திருப்பி நிறுத்தியிருந்தார்.

"இன்னைக்கும் நானே கொண்டுபோயி விட்டுறேன். திங்கக்கெழமை நீ ஓட்டிக்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை பேரிடமும் சொன்ன பிறகு பின்சீட்டில் போய் இறங்கி, பத்து நிமிஷத் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பொறுப்பேற்பதா? மாட்டேன் என்று உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் கையை விட்டேன். எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் பிரஸ் வேஸ்ட் தாளுக்குப் பஞ்சமில்லை. அலமாரியில் விரிப்பது, பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போடுவது எல்லாம் அதில்தான். கைக்கு வந்த பெரிய தாள் இரண்டை எடுத்து, வெள்ளைப் பக்கம் உள்ளே இருக்க, வண்டியின் இரண்டு பக்கமும் அழுத்தினேன். பசையே வேண்டியிருக்கவில்லை. கப்பென்று பிடித்துக்கொண்டது.

தெரு திரும்பிய பிறகுதான் தாளின் வெளிப்பக்கத்தில் என்ன படம் என்பது உறைத்தது. மாரியம்மன். இரண்டு பக்கமும், முழு அலங்காரத்தில்.

அன்று சாத்தூர் ரோடு முழுக்க இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகும் கூட்டம். மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக ரோட்டில் பாதியை அடைத்துக்கொண்டு போனார்கள். பின்னால் பட்டாசுக் கம்பெனி வேன்கள். இங்கேயே விழப்போகிறேன் என்று ஜெபத்தை ஆரம்பித்தபோது கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்.

"ஏத்தா, ஆத்தா வண்டி வருது! அங்கிட்டு ஒதுங்குங்க!"

கூட்டம் ஒதுங்கியது. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் ஓடிவந்து ஹேண்டில்பாரில் வேப்பிலை செருகினார். ஹாரன் அடித்தே ஆளைக் கொல்லும் கம்பெனி வேன்கூட ஒரு சத்தமில்லாமல் என் வேகத்துக்குப் பின்னால் வந்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது. நிறுத்தி விளக்கம் சொல்லலாம்தான். ஆனால் நிறுத்திய வண்டியை மறுபடி எடுப்பது அதுவரை எனக்குச் சரியாக வந்ததில்லை. சாமி அவர்களுடையது, ஜெபம் என்னுடையது என்று போய்க்கொண்டே இருந்தேன்.

பத்து நிமிஷம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. வாசலில் நின்ற நர்ஸ்கள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "அண்ணன் வரலையாக்கா?" என்றார்கள். "வரலை" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னபோது எனக்கு இருந்த பெருமை வார்டு சாவியை வாங்கியபோதுகூட இல்லை.

சாயங்காலம் வீட்டில் தாளை உரித்தோம். பாதி மையைத் தாள் குடித்திருந்தது. பின்பக்கத்தில் நாலு கோடும் அப்படியே பதிந்திருந்தன. அவர் சட்டைப்பையிலிருந்து அச்சுப் பார்க்கிற லென்ஸை எடுத்துவைத்துப் பார்த்து, "பாத்தியா, ஒரு நூல் அசையலை" என்று பூரித்தார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

"என்னங்க, தாள்னா மையைக் குடிக்கும். தகரம் குடிக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

லென்ஸை வேட்டியில் துடைத்தார். அதில் அழுக்கே இல்லை.

"தெரியும்."

"பெறகு ஏன் போட்டீக?"

"நாலு நாளைக்கு ஈரமா இருக்கும்னு பாத்தேன். அம்புட்டுத்தான்" என்றார். பிறகு தாளைப் பார்த்துக்கொண்டே, "நீ தனியாப் போயிட்டா காலையில நான் யார்கூடப் பேசிக்கிட்டுப் போவேன்? மிஷின் சத்தத்துக்குள்ள நாள் பூரா ஒரு பேச்சுக் கிடையாதுல்லா" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. என் கோபம் எப்போதும் உடனே வரும். ஆனால் அன்று வந்த கோபத்துக்கு நிற்க இடம் கிடைக்கவில்லை. பத்தொன்பது வருஷமாக இந்த மனுஷன் முப்பதைத் தாண்டாததற்குக் காரணம் பைக் என்றுதான் நினைத்திருந்தேன். முகத்தை அவருக்குக் காட்டாமல் காப்பி போடப் போனேன்.

மறுநாள் காலையில் ஸ்கூட்டரைக் கிளப்பி, "ஏறுங்க, பிரஸ்ல இறக்கி விட்டுட்டுப் போறேன்" என்றேன்.

"எதுல? ஒனக்குப் பின்னாலயா?"

"ஆமா. ஏறுங்க."

ஏறினார். வழி நெடுக என் காதுக்குள் பேசிக்கொண்டே வந்தார். நான் இருபதைத் தாண்டவில்லை. ஓட்டத் தெரியாதது மட்டும் காரணம் இல்லை. பிரஸ் வாசலில் இறங்கியபோது அவருடைய காக்கிப் பேண்ட்டின் இரண்டு முழங்காலிலும் நாலு நிறமும் வரிசை மாறாமல் விழுந்திருந்தன. டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், "என்ன அண்ணாச்சி, முன்பக்கந்தான் அடிச்சிருக்கு, பின்பக்கம் எப்ப?" என்று கேட்டார். நானும் காலை ஊன்றி நின்று அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

அன்று ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன்.