சார்ந்திருப்பவர்

சிக்னலில் சிவப்பு விழுவதை மகள் பார்ப்பதற்குள் மாஸ்டரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்துவிட்டது. அவர் காலடியில் இருந்தது வெறும் ரப்பர் விரிப்பு. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தியவரின் காலுக்கு அது எப்படிப் புரியும்? பயிற்சி வண்டியில் சொல்லித்தருகிறவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பள்ளியை மூடி எத்தனையோ காலமாகியும் அந்தக் கால் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"கண்ணாடியைப் பாரு. பின்னால ஒருத்தன் ஒட்டிக்கிட்டே வரான்."

"அப்பா, எட்டு வருஷமா இந்த ஊர்ல வண்டி ஓட்டுறேன்."

"எட்டு வருஷமா தப்பா ஓட்டுறே."

மகள் பல்லைக் கடித்துக்கொண்டு பின் இருக்கைக்குக் குரல் கொடுத்தாள். "அம்மா, குளிருதாம்மா?"

"அவளுக்கெல்லாம் குளிராது. ஆஸ்பத்திரியில நைட் டூட்டி பார்த்த உடம்பு அது" என்றார் மாஸ்டர். பின்னால் அந்த அம்மாள் சத்தமில்லாமல் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

மனைவியிடம் யார் எதைக் கேட்டாலும் பதில் மாஸ்டரிடமிருந்துதான் வரும். "பசி எடுக்குதாம்மா?" என்று அம்மாளிடம் டாக்டர் கேட்டால், "நல்லா சாப்பிடுறா, சாயங்காலம் டீ குடிச்சா மட்டும் வயிறு உப்புசம்" என்று இவர் சொல்வார். துணிக்கடையில் அம்மாளுக்குப் பிடித்த நிறத்தைச் சொல்வதும் இவர்தான். இவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எரிச்சலே அதுதான்.

மாஸ்டர் ஆள் ஒல்லி. முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான் வரை போட்டிருப்பார். வீட்டுக்குள் நடக்கும்போதும் திரும்புவதற்கு முன் ஒரு முறை பின்னால் பார்த்துக்கொள்வார். யாராவது அவசரப்பட்டால் "கிளட்சை மெதுவா விடுங்க" என்பார். அவர் சொல்லிக்கொடுத்து ஓட்டக் கற்றவர்கள் சொந்த ஊர் முழுக்க இருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் அவர் வாய்க்குப் பயந்தே சீக்கிரம் கற்றுக்கொண்டவர்கள்.

அந்த வாய்தான் இப்போது ஆளை நடுத்தெருவில் நிறுத்தியிருந்தது. மகள் வாழும் இந்த நாட்டில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று தனியாக ஒரு வசிப்பு அனுமதி உண்டு. வேலை செய்யக்கூடாது, பென்ஷனில் வாழவேண்டும், அவ்வளவுதான். பென்ஷன் இருந்தது. ஆனால் அது அம்மாளுடைய பென்ஷன். அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மாஸ்டரோ தன் பள்ளிக்குத் தானே முதலாளி. தனக்குத் தானே பென்ஷன் கொடுத்துக்கொள்ள எந்த முதலாளியால் முடியும்? அதனால் விண்ணப்பம் அம்மாள் பெயரில் போனது. மாஸ்டரின் பெயருக்கு எதிரே இருந்த சொல், சார்ந்திருப்பவர்.

மகள் அதை மொழிபெயர்த்துச் சொன்ன அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. "நான் என்ன கைக்குழந்தையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

முதல் விசாரணையில் அதிகாரி கேட்டது ஒன்றும் சிக்கலான கேள்வி இல்லை. மனைவியின் வருமானத்தில்தான் வாழ்கிறீர்களா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். ஆமாம் என்று சொன்னால் வேலை முடிந்தது. மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரு, நானா? கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்தக் குடும்பத்தைத் தாங்குறதே நான்தான். இன்னிக்கும் யார் கையையும் எதிர்பார்க்கிறது இல்லைன்னு எழுதிக்கச் சொல்லுங்க."

எழுதிக்கொண்டார்கள். சில வாரங்களில் பதில் வந்தது. அம்மாளுக்கு அனுமதி உண்டு. மாஸ்டர் யாரையும் சார்ந்திருப்பவர் அல்ல என்று அவரே சொல்லியிருப்பதால் அவருக்கு இல்லை. மாற்றிச் சொல்ல ஏதாவது இருந்தால் இன்னும் ஒரே ஒரு விசாரணை. இல்லையென்றால் மாதக் கடைசியில் அவர் நாட்டைவிட்டுக் கிளம்பவேண்டும். போய் இறங்க சொந்த ஊரில் வீடும் இல்லை. விற்றுவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

மகள் தாம்தூம் என்று குதித்தாள். அம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தார். மகள் சின்னவளாக இருந்தபோது அவருக்குப் பாதி நாள் இரவுப் பணி. தூங்குகிற பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போய், பள்ளிக்கூடம் போன பிள்ளையின் தட்டைக் கழுவியவர். மகளோடு ஒரே வீட்டில் இருக்கவேண்டும் என்பது அவர் வாழ்க்கையில் வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆசை. அது மாஸ்டருக்கு நன்றாகத் தெரியும். நான் கிளம்பினால் நீ கூட வருவாயா, இங்கேயே இருந்துவிடுவாயா என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. மனைவிக்குப் பதிலாக அவரால் பதில் சொல்ல முடியாத கேள்வி அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் முழுக்கச் சமையலறை மேசையில் ஒத்திகை நடந்தது.

"சொல்லுங்கப்பா. நான் என் மனைவியோட பென்ஷன்ல வாழ்றேன்."

"நாங்க ரெண்டு பேரும் அவ பென்ஷன்லயும் என் நிர்வாகத்துலயும் வாழ்றோம்."

"நிர்வாகம் வேண்டாம்ப்பா."

"சரி, மேற்பார்வைன்னு வெச்சுக்கோ."

மகள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். அவர் பிடிவாதத்துக்காக விளையாடவில்லை. சொல்லத்தான் பார்த்தார். 'மனைவியோட' என்பது வரை வண்டி வரும்; அதற்கு மேல் இன்ஜின் நின்றுவிடும்.

இன்று கடைசி விசாரணை. காத்திருக்கும் கூடத்தில் தரையோடு திருகி வைத்த நாற்காலிகள். மாஸ்டர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். வெளியே யாரோ காரைக் கோணலாக நிறுத்திவிட்டுப் போனான். அதைப் பார்த்தும் அவர் ஒன்றும் சொல்லாதபோதுதான் மகளுக்குப் பயம் வந்தது. "தண்ணி வேணுமாப்பா?" என்றாள். தலையை மட்டும் ஆட்டினார்.

உள்ளே அதே அதிகாரி, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய பெண்மணி. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், தமிழ்ப் பெண். மகள் பின்னால் உட்காரலாம், பேசக்கூடாது. தம்பதி இருவரும் மேசைக்கு எதிரே.

அதிகாரி முதலில் அம்மாளிடம் திரும்பினார். "எப்போது ஓய்வு பெற்றீர்கள்?" மாஸ்டரின் வாய் திறந்தது. மகள் பின்னாலிருந்து இருமினாள். வாய் மூடியது. அம்மாள் தன் பதிலைத் தானே சொன்னார். அந்தக் குரலை அந்நியர் நடுவில் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது என்று மாஸ்டருக்குத் தோன்றியது. தெளிவான குரல். வார்டில் பேசிப் பழகிய குரல்.

"குடும்பத்தைத் தாங்கியது தான்தான் என்று உங்கள் கணவர் சொல்லியிருக்கிறார். அது உண்மையா?"

அம்மாள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார். 'இல்லை' என்று சொன்னால் போதும். வீட்டில் எல்லாரும் பேசி வைத்திருந்த பதிலும் அதுதான். ஆனால் முன்பின் தெரியாத இரண்டு பேர் பேனாவோடு காத்திருக்க, கட்டிய கணவனை விட்டுக்கொடுத்து அவருக்குப் பழக்கமில்லை.

"ஆமாங்க" என்றார். "அவர்தான் தாங்கினார். அவரைத் திருப்பி அனுப்பினா நானும் கூடவே கிளம்பிடுறேன்னு சொல்லிடுங்க."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.  மாஸ்டர் இத்தனை நாள் கேட்கப் பயந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்தப் பதில் இருவரையுமே நாட்டைவிட்டுக் கிளப்பிவிடப் போகிறது. மொழிபெயர்ப்பாளர் பேச ஆரம்பித்தாள். அதிகாரியின் பேனா காகிதத்தைத் தொட்டது.

"எழுதாதீங்க" என்றார் மாஸ்டர். "அவ சொல்றது பொய்."

பேனா நின்றது.

"இந்தச் சட்டை அவ வாங்கினது. இந்த மூக்குக்கண்ணாடி அவ போட்டுக் கொடுத்தது. ஸ்கூலுக்கு வாங்கின முதல் வண்டிக்கு அவ சம்பளத்துலதான் தவணை கட்டினோம். போர்டுல மட்டும் என் பேரு." மூச்சு வாங்கியது. "நஷ்டத்துலதான் ஓட்டினேன். கடைசி வரைக்கும் அவதான் ஈடு கட்டினா. அவ வாயைத் திறந்து ஒரு நாளும் சொல்லிக் காட்டினதில்லை. அதனால நானும் மறந்துட்டேன்."

"என்னங்க, போதும்" என்றார் அம்மாள் மெதுவாக.

மொழிபெயர்ப்பாளர் அத்தனையையும் சொல்லி முடித்தாள். அதிகாரி கேட்டுவிட்டு, பழைய காகிதத்தைப் புரட்டி ஏதோ சொன்னார். குரலில் கோபமில்லை, சலிப்புத்தான்.

"போன தடவை யார் கையையும் எதிர்பார்க்கிறதில்லைன்னு சொன்னீங்க. இன்னிக்கு இப்படிச் சொல்றீங்க. எதை நம்புறதுன்னு கேக்கிறாங்க" என்றாள் மொழிபெயர்ப்பாளர்.

மாஸ்டர் திரும்பி மகளைப் பார்த்தார். அவளுக்குக்கூடத் தெரியாமல், கதவைத் தாழிட்டுக்கொண்டு காலையிலும் இரவிலும் கழுவிக் காப்பாற்றி வந்த விஷயம் ஒன்று அவரிடம் இருந்தது. மனைவிக்கு மட்டும்தான் தெரியும். அதற்குப் பணம் கட்டியவர் அம்மாள்தானே.

கைக்குட்டையை எடுத்து மேசைமேல் விரித்தார். தலையைக் குனிந்து வாய்க்குள் இரண்டு விரலை விட்டு, மேல்வரிசைப் பல் முழுவதையும் கழற்றி எடுத்து, அதிகாரிக்கு எதிரே வைத்தார்.