நிரோசினியின் அரை மணித்தியாலம்

முதலில் குழாயை முழுதாகத் திறந்துவிடுவாள். பிறகு கைபேசியைக் காதில் வைத்து, "ஓம் மாமி, சொல்லுங்கோ, ஓம் ஓம்!" என்று உரக்கக் கத்துவாள். மறுமுனையில் மாமியும் இல்லை, ஒருவரும் இல்லை. அந்தச் சத்தத்தின் மறைவில், பின்பக்க பால்கனியில் உடுப்புத் தோய்க்கும் தொட்டிக்குள் குனிந்து வாந்தி எடுப்பாள் நிரோசினி. சத்தி எடுத்து முடிந்ததும், "சரி மாமி, வைக்கிறன்" என்று மரியாதையாக விடைபெறுவாள். முதன்முதல் இதைக் கண்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

இத்தாலியில், பலெர்மோவில், நாலாம் மாடியில், ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் அவளுக்குத் தினமும் வேலை. நான் செவ்வாயும் வெள்ளியும் அங்கே உடுப்பு அயன் பண்ணப் போகிறவள். நிரோசினிக்கு ஊர் யாழ்ப்பாணத்துக் கொடிகாமம், வயது முப்பத்திரண்டு. கணவன் கிருபன் மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறான். ஐந்து வயதில் அபிதா என்றொரு மகள். இப்போது இரண்டாவது, நாலு மாதம். அது சிஞ்ஞோராவுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே கவலை. அபிதா வயிற்றில் இருந்தபோது, அப்போது வேலை செய்த வீட்டில் மூன்றாம் மாதமே உண்மையைச் சொன்னாள். "பிள்ளை பிறந்த பிறகு பார்ப்போம்" என்றார்கள். அந்தப் பிறகு வரவேயில்லை. இந்த வருஷம் பெர்மெஸ்ஸோ, இங்கே இருக்கும் அனுமதி, புதுப்பிக்க வேண்டும். வேலை இல்லாமல் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோர் வாசலில் போய் எந்த முகத்தோடு நிற்பது?

சிஞ்ஞோராவின் மூக்கு நாலு பேருக்குப் போதும். உள்ளிப்பூண்டு மணத்துக்கே ஜன்னலைத் திறந்துவிடுகிற மனுஷி. ஆகவே நிரோசினியின் ஏப்ரன் பையில், வாத்தியாரின் பேனை போல, எப்போதும் ஒரு பல்லு பிரஷ் குத்தியிருந்தது. சத்தி எடுத்தால் உடனே பற்பசையைப் பிதுக்கித் தேய்ப்பாள். தேய்ப்பதா அது! அவள் கழுவி வைத்த சட்டியில் முகம் பார்க்கலாம். பல்லுக்கும் அதே கை, அதே வேகம், காலையில் மட்டும் மூன்று நாலு தரம்.

ஈறு வீங்கியது. முரசு என்பாள் அவள். தேசிக்காய்ப் புளி பட்டாலே பல் கூசியது. ஒருநாள் வீட்டில் அவள் துப்பியதைப் பார்த்த அபிதா, "அம்மா, சாங்குவே! ரத்தம்!" என்று அலறியிருக்கிறாள். அதற்கு நிரோசினி கண்டுபிடித்த வைத்தியத்தைக் கேளுங்கள்: இரவில் பல் தேய்ப்பதையே விட்டுவிட்டாள். "பிள்ளைக்குப் போக வேண்டிய ரத்தத்தைத் தொட்டிக்குள்ளை ஊத்திறதே அக்கா?" என்று என்னையே மடக்கினாள். கொடிகாமத்திலிருந்து தாயார் வாட்ஸப்பில் தன் பங்கைச் சேர்த்தார். வயிற்றுப் பிள்ளையோடு பல்லு டாக்குத்தரிடம் போகவே கூடாதாம், பல்லைத் தின்பது பிள்ளைதானாம், பெற்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமாம். நிரோசினி அதில் பாதியை நம்பினாள், பாதியை நம்பவில்லை. "அதுக்கு வாயிலை ஒரு பல்லுமில்லை. அது என்னெண்டு என்ரை பல்லைத் தின்னும்?" என்றாள். இந்த வாய்க்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும்.

அந்த வாயைத் திறக்கவைத்தவர், கர்ப்பிணிகளைப் பார்க்கும் அரசாங்கக் கிளினிக்கின் மருத்துவிச்சி. அடுத்த வெள்ளிக்கிழமை அயன் மேசைக்குப் பக்கத்தில் நின்று நிரோசினி எனக்கு ஒப்புவித்தாள்:

"சத்தி எடுத்த உடனை தேய்க்கக் கூடாதாம் அக்கா. வயித்துப் புளிப்பு பல்லிலை நிக்கேக்கை தேய்ச்சா, புளி போட்டுச் செம்பு மினுக்கின மாதிரி, மேலாலை கிடக்கிறதெல்லாம் உரிஞ்சு போயிடும். அப்பச்சோடாவைத் தண்ணியிலை கரைச்சுக் கொப்பளிச்சுப்போட்டு அரை மணித்தியாலம் பொறுக்கட்டாம். பிறகு மெல்லிசான பிரஷாலை மெதுவாத் தேய்க்கட்டாம். ரத்தத்துக்குப் பயந்து விட்டால்தான் முரசு இன்னும் பழுதாப் போகுமாம். பல்லு டாக்குத்தரிட்டையும் போகலாமாம், பிள்ளைத்தாச்சி எண்டு மட்டும் சொல்ல வேணுமாம்."

அன்று மாலையே வியா மக்வேதா கடைத்தெருவில் புது பிரஷ் வாங்கினாள். உறைக்கு மேலாலேயே பெருவிரலால் அமத்தி அமத்திப் பார்த்து, மாம்பழம் பொறுக்குவது போலப் பொறுக்கினாள். கடைக்காரப் பெண் முறைத்தும் விடவில்லை.

பிரஷ் லேசு, சோடா லேசு. அரை மணித்தியாலம்தான் பெரிய பாடாகிவிட்டது. அந்த வீட்டில், அந்த மூக்குக்கு முன்னால், அரை மணித்தியாலம் எங்கே போய் ஒளிவது? வாயை இறுக மூடிக்கொண்டு, சிஞ்ஞோரா கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினாள். நம்முடைய தலையாட்டலில் எது ஆம், எது இல்லை என்று சிசிலிக்காரருக்கு என்றைக்கு விளங்கியது? "அவளுக்கு என்னோடு கோபமா?" என்று சிஞ்ஞோரா என்னைத் தனியாகப் பிடித்துக் கேட்டார். தொண்டை கட்டியிருக்கிறது என்று புளுகினேன்.

பல்லு டாக்குத்தரிடம் பல் துப்புரவாக்க நாள் கிடைத்தது. வியாழன் காலை பத்து மணி, சரியாக வேலை நேரம். "தலையிடி எண்டு சொல்லிப்போட்டுப் போ. சிஞ்ஞோரா கோடைக்கு மொண்டெல்லோவுக்கு வெளிக்கிடுமட்டும் வாயைத் திறவாதை" என்று நான் புத்தி சொன்னேன்.

"அதுக்குள்ளை வயிறு கதைக்கத் தொடங்கியிடும் அக்கா. அதுக்கு முதல் நான் கதைக்கிறன்" என்றாள்.

போன வெள்ளி அவள் குழாயைத் திறக்கவில்லை. மாமியும் பேசவில்லை. அவள் ஓங்காளிக்கும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. நான் அயனை நிமிர்த்தி வைத்தேன். சோடாத் தண்ணீரோடு சமையலறையைக் கடந்து நேரே சிஞ்ஞோராவின் குளியலறைக்குப் போனாள். தினமும் தேய்த்துக் கழுவுகிற அறை, ஒருநாளும் பாவித்ததில்லை. கொப்பளித்துவிட்டு வந்து, மணிக்கூட்டுக்கு எதிரே கதிரையில் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அவள் உட்கார்ந்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

பத்து நிமிடத்தில் சிஞ்ஞோரா வந்தார், கையில் புது பிரஷ். அவருடைய கண்ணாடிக் குவளையில், அவருடைய பிரஷுக்குப் பக்கத்தில் நின்றதாம்.

"இது யாருடையது?"

நிரோசினி எழுந்தாள். வாயை நன்றாகத் திறந்து, இத்தாலியனில் சொன்னாள்: "என்னுடையது, சிஞ்ஞோரா. எனக்கு நாலு மாதம். வியாழக்கிழமை பல் வைத்தியரிடம் போகிறேன். வெள்ளிக்கிழமை வேலைக்கு வருவேன்." கேட்கவில்லை, சொன்னாள்.

சிஞ்ஞோரா அவள் வயிற்றையும் பிரஷையும் மாறி மாறிப் பார்த்தார். நிரோசினி கையை நீட்டிப் பிரஷை வாங்கிக்கொண்டாள். மணிக்கூட்டைப் பார்த்தாள். "இன்னும் இருவது நிமிசம் கிடக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, குளியலறைக்குப் போய் அதே குவளையில் அதே இடத்தில் பிரஷை நிறுத்திவிட்டு வந்து, மறுபடியும் அந்தக் கதிரையில் உட்கார்ந்தாள்.