நரம்பில் ஏறிய பிளாட்டினம்

என் மனைவியின் பெருங்குடலில் இருந்த கட்டியை அறுத்தெடுத்துச் சில வாரங்கள் கழித்து, கீமோ பற்றிப் பேச டாக்டரம்மா எங்களை வரச் சொல்லியிருந்தார். எங்கள் வீடு ஜூஜுவாடியில். மாநில எல்லையைத் தாண்டினால், ஆஸ்பத்திரி இருக்கும் பெங்களூருவுக்கு பஸ். தையல் போட்ட வயிற்றின் மேல் ஒரு துண்டை மடித்து அழுத்திப் பிடித்தபடியே அவள் வந்தாள்.

கட்டி முழுசாக வந்துவிட்டது. ஆனால் பக்கத்திலிருந்த நிணநீர் முடிச்சுகளைப் புற்று தொட்டிருந்தது. எங்காவது மிச்சம் ஒளிந்திருந்தால் அதைக் கொல்லத்தான் கீமோ என்று விளக்கிய டாக்டரம்மா, இரண்டு வழி சொன்னார். ஒன்று, மாத்திரை மட்டும், ஆறு மாதம். இன்னொன்று, மாத்திரையோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸ், மூன்று மாதம். இரண்டாவதில் பலன் கூடுதல். ஆனால் விரல்கள் மரத்துப்போகலாம். சிலருக்கு அது சரியாகாமலே நின்றுவிடும்.

"டிரிப்ஸ்ல போற மருந்துல பிளாட்டினம் இருக்கு," என்றார்.

நான் பல்சக்கரம் செய்யும் கம்பெனியில் உலையைப் பார்த்துக்கொள்கிறவன். உலைக்குள் சூட்டை அளக்கும் கம்பி பிளாட்டினம்தான். இரும்பு செக்கச்செவேலென்று கனலும் இடத்தில் அசையாமல் நிற்கிற உலோகம். அது தண்ணீர் மாதிரி கரைந்து இவள் நரம்பில் ஏறுமா? பயத்தையும் மீறி எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அவளுக்குத் தொழிலே விரல்தான். கல்யாணப் பெண்களின் ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்கிறாள். கடுகைவிடச் சின்ன முத்துகளை வரிசை பிசகாமல் வைத்துத் தைப்பாள். மாத்திரையே போதும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கன்னடத்துக்கு மாறி டாக்டரம்மாவிடம் கேட்டாள்: இந்த மருந்து ஏறிக்கொண்டிருக்கிற யாரையாவது பார்க்க முடியுமா?

நர்ஸ் உள்ளே போய்ச் சம்மதம் கேட்டு வந்து எங்களைக் கூட்டிப்போனார். சூளகிரியில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, தலையில் முக்காடு, மேலே கம்பளி, கையில் டிரிப்ஸ். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய இன்னொரு கையை எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, நான் அமுக்கறது தெரியுதா?"

"தெரியுது. நுனியில மட்டும் பஞ்சு சுத்தின மாதிரி இருக்குது. ஃப்ரிட்ஜ தொட்டா, அந்தச் சில்லுக்கே கரண்டு அடிக்கிற மாதிரி இருக்குதும்மா."

"துணி எண்ணுவீங்களா?"

"எண்ணுவேன். கண்ணால பாத்துக்கிட்டே எண்ணணும்."

என் மனைவி ஒவ்வொரு விரலாக அமுக்கி, ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்கினாள். நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்குள் இப்படி ஒருத்தி இருந்தது எனக்குத் தெரியாது.

கேன்டீனில் டீ குடிக்கும்போது, "மாத்திரையே போதும்னு தோணுது. உன் கை…" என்று இழுத்தேன்.

"கை போனா நான் டிசைன் சொல்றேங்க, வேற யாராச்சும் தைக்கட்டும். ஆளே போயிட்டா டிசைன் சொல்றது யாரு?" என்றாள். சிரிக்கவும் செய்தாள்.

திரும்பிப் போய் டாக்டரம்மாவிடம் பிளாட்டினமே போடலாம் என்றாள். "ஆனா ஒவ்வொரு வாட்டியும் உங்க முன்னாடி ஊசியில நூல் கோக்கறேன் மேடம். முடியலன்னா அத நிறுத்திடலாமா?"

டாக்டரம்மா அதைச் சீட்டில் குறித்துக்கொண்டார். "நிறுத்தலாம். மாத்திரைய மட்டும் தொடரலாம்."

முதல் டிரிப்ஸ் முடிந்து வீட்டுக்கு வந்தவள் சில்லிட்டிருந்த எவர்சில்வர் சொம்பைத் தொட்டுவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்குத் தண்ணீரைச் சுடவைத்துத்தான் கொடுத்தேன். மூன்றாவது தடவை நூல் ஊசிக்காதுக்குள் போகவே இல்லை. முயன்று முயன்று பார்த்தாள். டாக்டரம்மா அவள் கையிலிருந்து ஊசியை வாங்கி மேஜையில் வைத்தார். அதோடு பிளாட்டினம் நின்றது. மாத்திரையை மட்டும் விடாமல் முடித்தாள்.

மரப்பு மெதுவாக இறங்கியது. வலது கையில் இரண்டு விரல் நுனி மட்டும் இன்னும் மந்தம். கண்ணால் பார்த்துக்கொண்டே தைக்கிறாள். முன்பைவிட நேரமாகிறது, ஆனால் முத்துக் கோடு கோணவில்லை.

போன மாதம் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. டாக்டரம்மா படத்தைத் திருப்பிக் காட்டினார். இளஞ்சிவப்பாக, ஈரமாக மின்னியது அந்தக் குகை. வெட்டி இணைத்த இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு, உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. நான் கண்ணை எடுக்காமல் நின்றேன்.

"பாத்தது போதும், வாங்க. பசிக்குது," என்றாள் அவள்.