சமதரை எங்கே இருக்கிறது, டீச்சர்?

தேயிலை மலை ஊரான வண்டிப்பெரியாரில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். எனக்குக் கோபம் வர அதிக நேரம் ஆகாது. போன வருடம் அதற்கு முழுப் பொறுப்பு ஒரு பெண். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துப் பிள்ளை. நர்சிங்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஆனால் கணக்கில் கவிழ்ந்துகொண்டே இருந்தாள். மாடல் பரீட்சையிலும் போனால் தேனியில் அத்தை வீட்டில் தங்கித் தையல் படிக்கட்டும் என்று அவள் அப்பா முடிவு கட்டிவிட்டார்.

கோபுரத்தின் உயரம் காணும் கணக்குதான் அவளுக்கு எமன். சமதரையில் நிற்கும் கோபுரத்தை ஒருவர் தூரத்திலிருந்து பார்க்கிறார் என்று கேள்வி இருக்கும். இவள் தரையைச் சாய்த்து வரைவாள். கோபுரம் மேட்டில், ஆள் பள்ளத்தில். அப்புறம் செங்கோணம் எங்கிருந்து வரும், என் தலையிலிருந்தா?

"ஏட்டி, சமதரைன்னு போட்டிருக்குல்ல?"

"அது கேள்வி எழுதுனவங்க ஊரு டீச்சர். நம்ம ஊருல எங்க இருக்கு?"

காட்டுகிறேன் வா என்று வகுப்பையே விளையாட்டு மைதானத்துக்கு இழுத்துப் போனேன். பாகைமானியில் நூலும் கல்லும் கட்டி, கொடிக்கம்பத்தின் உச்சியைக் குறி பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் சத்தமில்லாமல் ஒரு பந்தைத் தரையில் வைத்தாள். அது நிதானமாக உருண்டு தேயிலைக்குள் போய்விட்டது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சமமா இருக்குன்னு வச்சுக்கோயேன்டி!"

"இல்லாததை அப்படி வச்சுக்கலாமா டீச்சர்?"

"வச்சுக்கிட்டுச் செய்றதுக்குப் பேருதான் கணக்கு."

"அட, இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்றாள். உண்மையிலேயே வருத்தமாகக் கேட்டாள்.

மாடல் பரீட்சையில் அதே கோபுரம் வந்தது. கோடு போட்டதுபோல் நேரான தரை வரைந்து, "சமம் என்று வைத்துக்கொள்கிறேன்" என்று கீழே எழுதியிருந்தாள். விடை சரி. மற்றதிலும் தட்டுத் தடுமாறித் தேறிவிட்டாள். எனக்கு என் சொந்த மகள் தேறியதுபோல் இருந்தது.

அப்பா பள்ளிக்கு வந்து விடைத்தாளைப் புரட்டினார். படத்தில் கண் நின்றது.

"இது எந்த ஊரு?"

"பரீட்சை ஊருப்பா," என்றாள் அவள்.

அவர் தாளை என்னிடம் நீட்டினார். "நர்சிங்குக்கே படிக்கட்டும் டீச்சர். தையல் மெஷினை எங்க லயத்துல எங்க வச்சாலும் ஆடத்தான் போகுது."