எல்லா ஃபோனிலும் திறந்த பக்கம்

பதுளையில் எங்கள் நலன்புரிச் சங்க அலுவலகத்தைத் திறந்துகொண்டிருந்தபோது தெமோதரையிலிருந்து புஷ்பராணியின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டாங்க டீச்சர்" என்றார். மாரடைப்பு. அன்று மாலை எங்கள் இணையதளத்தின் மண்சரிவு எச்சரிக்கைப் பக்கத்தில் ஒரு திருத்தம் செய்யப் புஷ்பராணி வருவதாக இருந்தது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செல்வி புஷ்பராணி தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, கொழும்பில் நெடுங்காலம் புரோகிராமராக இருந்து, ஊர் திரும்பியவர். என் கணவர் காலமானபின் நான் சங்கத்தின் செயலாளரானேன். இணையதளத்தை அவர் ஏற்றார். கன்னியாஸ்திரிகளிடம் படித்து ஆசிரியையான நான் ஒற்றுப்பிழையைப் பொறுப்பதில்லை. அவர் நிரலில் ஓர் அரைப்புள்ளி விடுபட்டாலும் பொறுக்கமாட்டார். "நீங்க என்னையத் திருத்துறீங்க, கம்ப்யூட்டர் நம்ம ரெண்டு பேரையும் திருத்துது" என்று சிரிப்பார். பிறர் எழுதிய நிரலை அவர் பாராட்டி நான் கேட்டதில்லை.

மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவில் புதைந்துபோனதை மறக்க முடியாதவர் அவர். எந்தச் சரிவில் இருப்பவர்கள் வெளியேற வேண்டும் என்பதைத் தோட்ட மக்கள் தங்கள் ஃபோனிலேயே தமிழில் பார்க்க வேண்டும் என்று விரும்பினார்.

அவர் வேலையைத் தொடங்கியபோது ஒரு மென்பொருள் கம்பெனி தானே இலவசமாகச் செய்துதர முன்வந்தது. அவர்கள் காட்டிய மாதிரியில் வரைபடம், சிவப்புப் பெட்டி, எச்சரிக்கை ஒலி எல்லாம் இருந்தன. கமிட்டி மயங்கியது. புஷ்பராணி மட்டும் மறுத்தார். இணையப் பக்கம் எழுதும் மொழி எல்லோருக்கும் பொது. கம்பெனிகள் அதில் சொந்தக் கட்டளைகளைச் சேர்த்துவிடுகின்றன. அவை அந்தந்தக் கம்பெனியின் பிரவுசருக்கு மட்டுமே விளங்கும், பழைய ஃபோன்களுக்கு விளங்காது என்றார். இந்தக் காலத்தில் யார் பழைய ஃபோன் வைத்திருக்கிறார்கள் என்று சங்கத் தலைவர் கேட்டார்.

அந்தக் கமிட்டிக் கூட்டத்துக்கு மடுல்சீமையிலிருந்து முத்தம்மா என்ற கொழுந்து பறிக்கும் பெண் வந்திருந்தார். கம்பெனியின் மாதிரிப் பக்கத்தை அவருடைய ஃபோனில் திறந்து வாசிக்கச் சொன்னார் புஷ்பராணி. கம்பெனிக்காரரின் ஃபோனில், 'உடனே வெளியேறுங்கள்' என்று சிவப்புப் பெட்டியிலும், அதன்கீழ் 'பாதுகாப்பாக இருங்கள்' என்றும் தெரிந்தன. சிவப்புப் பெட்டி கம்பெனியின் சொந்தக் கட்டளையால் வருவது. முத்தம்மாவின் ஃபோன் அந்தக் கட்டளையை அறியாது. அதில் கீழ்வரி மட்டுமே இருந்தது.

"இருக்கச் சொல்லுதுங்க" என்றார் முத்தம்மா. "எங்கயும் போக வேணாமாம்."

"இதுக்கு மேல நான் என்னாங்க சொல்றது?" என்று கேட்டுவிட்டுப் புஷ்பராணி உட்கார்ந்தார்.

கமிட்டி வேலையை அவரிடமே விட்டது. அவர் பொது மொழியில் மட்டுமே பக்கத்தை எழுதி முடித்தார். நகரத்து ரிப்பேர் கடைகளில் கிடந்த ஃபோன்களையெல்லாம் இரவல் வாங்கி, ஒவ்வொன்றிலும் திறந்து பார்த்தார். அலங்காரமே இல்லாமல் மரண அறிவித்தல் மாதிரி இருக்கிறது என்று கம்பெனிக்காரர் கேலி செய்தார். "அது வராம இருக்கத்தான் தம்பி இது" என்றார் இவர்.

சென்ற மழையில், மடுல்சீமைப் பக்கம் ஒரு லயத்தினர் அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பகலிலேயே பாடசாலைக்குப் போய்விட்டார்கள். மறுநாள் விடியும்போது லயத்தின்மேல் மலை இறங்கியிருந்தது. ஆடுகள் போயின, சட்டிபானைகள் போயின. ஒரு மனிதரும் போகவில்லை. நான் புஷ்பராணியை வாழ்த்தினேன். அவர் முகம் மலரவில்லை. "யாரு ஃபோன்லயாச்சும் தொறக்காமப் போச்சான்னு கேட்டீங்களா டீச்சர்?" என்றார். நான் கேட்டிருக்கவில்லை. அவரே பஸ் ஏறிப் போய், ஒவ்வொரு குடும்பமாக விசாரித்து வந்தார்.

தெமோதரையில் இறுதிச் சடங்குக்கு அந்த லயத்தார் குழந்தைகளோடு வந்திருந்தார்கள். சவப்பெட்டியைத் தூக்க உறவினர்கள் குனிந்தபோது, "நாங்க தூக்குறோங்க" என்று அவர்கள் முன்னால் வந்தார்கள். தம்பி விலகி வழிவிட்டார். தேயிலைக்கு நடுவே ஈரமான பாதையில், தோள் மாற்றி மாற்றி, மெதுவாகக் கொண்டுபோனார்கள்.

இனி மழை வந்தால் நாங்கள் பார்த்துக்கொள்வோம், புஷ்பராணி. நீங்கள் ஓய்வெடுங்கள்.