பின்சீட்டில் ஆள் வேண்டும்

எண்பதுகளில் டத்தோ கிராமாட்டில் கடை வைத்து மோட்டார் சைக்கிள் வயரிங் பார்த்த அந்த மனிதரின் பெயரை நான் கேட்டதே இல்லை. ஒல்லியான ஆள். மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கத்தைச் செப்புக் கம்பியால் கட்டியிருப்பார். எதற்கும் பதில் சொல்வதற்கு முன் காதில் செருகிய சாக்குக்கட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகுவார். எனக்கு எரிச்சலாக வரும்.

தூரப் பயணத்துக்கு வைத்திருந்த என் பழைய மோட்டாரை முழுக்கப் பிரித்துச் சேர்த்த சமயம் அது. பாலிக் புலாவ் மலைச்சாலை வளைவில் இருவரும் போகையில் இருட்டில் மாட்டின் மேல் மோதப் பார்த்ததிலிருந்து, விளக்கு சரியாகும்வரை ஏறமாட்டேன் என்று மனைவி சொல்லிவிட்டாள். நடந்ததைச் சொல்லிப் புது ஹாலஜன் விளக்கு வாங்கிக் கொடுத்தேன். மாட்டினார். ஆனால் விளக்கின் சாய்வை நிறுத்தும் திருகை முடுக்க மறுத்தார்.

“வீட்டுக்காரம்மாவ கூட்டிட்டு வாங்கண்ணே. பின்னாடி கனம் ஏறினா லைட்டு மேல தூக்கிடும். அன்னிக்கு மரத்துக்குத்தான் லைட்டு அடிச்சிருப்பீங்க.”

“யோவ், லைட்டு சரியானாத்தான் அவ உக்காருவா.”

சாக்குக்கட்டியை எடுத்துப் பார்த்தார். “அவங்க உக்காந்தாத்தான் லைட்டு சரியாகும் லா.”

திட்டிக்கொண்டே போய் அவளைப் பஸ்ஸில் அழைத்து வந்தேன். நிற்கிற வண்டிதானே என்று என் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவர் கடைக் கதவைச் சாத்தி விளக்கைப் போட்டார். அவர் விளக்கைக் கீழே சாய்க்கச் சாய்க்க, எதிர்ச் சுவரில் வெளிச்சம் மெல்ல இறங்கி, அங்கே சாக்குக்கட்டியால் கிழித்திருந்த கோட்டில் நின்றது.

“இப்ப சரியாக்கா?” என்று அவளைத்தான் கேட்டார்.

“சரி” என்றாள். திருகை முடுக்கினார்.

அவள் இறங்கவே இல்லை. அப்படியே வீட்டுக்கு ஓட்டச் சொன்னாள். என் முதுகுக்குப் பின்னால் இருந்தவளுக்குச் சுவர் எங்கே தெரிந்திருக்கும்? என்னை விட்டுவிட்டு அவளை ஏன் கேட்டார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.