சாவடியில் மினுங்கிய கிறிஸ்மஸ் பல்புகள்

தொண்ணூறுகளின் நடுவில், கிறிஸ்மஸ் நெருங்கிய ஒரு நாள். நானும் என் அண்ணனும் கொழும்பிலிருந்து கஹவத்தைப் பக்கம் இருக்கிற எங்கள் தோட்டத்துக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். நான் அப்போது கார்மென்ட்டில் தைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஒரு கராஜில் வாகனங்களுக்கு வயரிங் வேலை பார்த்தான்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் வேதக்காரர்கள் என்றால் நாங்கள் ஒரு வீடுதான். அப்பாவுக்குக் கிறிஸ்மஸ் மரம் வைப்பது உயிர். மலை உச்சியிலிருந்து ஒரு பைனஸ் மரக்கிளையை வெட்டிவந்து, பழைய பால் வாளியில் மண் போட்டு நட்டுவிடுவார். ஒரு வருஷம் பனி மாதிரிப் பஞ்சு ஒட்டப் பசை இல்லையென்று, மலையில் வெட்டிய ரப்பர் பாலையே தடவிவிட்டார். முதல் நாள் அழகோ அழகு. மறுநாள் பால் புளித்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் வரை மூக்கைப் பிடித்தார்கள். அம்மா கிளையோடு தூக்கி வெளியே வீசினார். இன்னொரு வருஷம் மெழுகுதிரி கொளுத்தி வைத்து, வண்ணத்தாளில் தீப்பிடித்துவிட்டது. லயம் முழுக்க ஒரே கூரை. அன்றோடு மரத்தில் நெருப்பு வைக்கிற பேச்சே கூடாதென்று அம்மா சொல்லிவிட்டார். லயத்துக்குக் கரண்டும் கிடையாது. அப்பா அதற்குப் பிறகு வெறும் தாள் பூக்களைக் கட்டிவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பார்.

அதனால்தான் அண்ணன் அந்த வருஷம் தானே ஒரு மின்விளக்குச் சரம் செய்தான். வாகன மீட்டருக்குள் இருக்கிற குட்டி பல்புகளை வயரில் கோர்த்து, சிவப்புக்கு என் நகப்பூச்சையும் பச்சைக்குக் கராஜ் பெயின்டையும் பூசினான். எரிவதற்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் பேட்டரி. விட்டு விட்டு மினுங்குவதற்கு, வண்டி திரும்பும்போது சிக்னல் லைட்டை அடிக்கவைக்கிற சின்னப் பெட்டி. அது வேலை செய்யும்போது டிக், டிக் என்று சத்தம் போடும். எல்லாவற்றையும் செருப்புப் பெட்டி ஒன்றில் அடுக்கிப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தான்.

இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. யுத்த காலம். பஸ்ஸில் குண்டு, ரயிலில் குண்டு என்று நாடே நடுங்கிக்கொண்டிருந்தது. தமிழ்ப் பெயர் உள்ள அடையாள அட்டை, பையில் பேட்டரி, வயர், டிக் டிக் பெட்டி! எங்கள் இருவருக்கும் அப்பாவின் முகம் மட்டும்தான் கண்ணுக்குள் இருந்தது. வேறு எதுவும் புத்திக்கு எட்டவில்லை.

இரத்தினபுரிக்குப் போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். மழை விட்டு மப்பாக இருந்த சாயங்காலம். மேசைமேல் அண்ணனின் பையைத் திறந்த இளம் சிப்பாய், செருப்புப் பெட்டியின் மூடியைத் தூக்கியதும் அப்படியே பின்னால் நகர்ந்தான். அடுத்த நிமிஷம் துப்பாக்கிகள் எல்லாம் அண்ணன் பக்கம் திரும்பின. பயணிகள் அலறியடித்துக்கொண்டு ரோட்டின் மறுபக்கம் ஓடினார்கள். கொழும்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பிள்ளையை என் மடியில் தூங்கவைத்திருந்த சிங்களப் பெண், பிள்ளையை வாரிக்கொண்டு என்னை விட்டு விலகிப் போனாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

அண்ணனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கைகளைத் தூக்கிக்கொண்டே, இது கிறிஸ்மஸ் மரத்துக்கு என்று சொன்னான். யாரும் நம்பவில்லை. லயத்தில் கரண்ட் இல்லாததையும் சொன்னான். வயதான சார்ஜன் ஒருவர் வந்து பெட்டியை எட்டி நின்று பார்த்தார். விளக்கு என்றால் எரிய வேண்டும், எரியவை பார்ப்போம் என்றார். எல்லோரும் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டார்கள். நடு ரோட்டில் அண்ணன் மட்டும் குந்தியிருந்தான்.

பேட்டரியில் வயரைக் கொடுத்தான். எரியவில்லை. திரும்பவும் கொடுத்தான். எரியவில்லை. விளக்கு எரியாவிட்டால் அவனை ஏற்றிக்கொண்டு போவார்கள். அப்படிப் போனவர்களைத் தேடி எத்தனையோ அம்மாக்கள் அலைந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். அண்ணன் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்தி என்னைத் தேடினான்.

"தங்கச்சி, பஸ்ஸு ஆட்டத்துல ஈயம் வச்சு ஒட்டுன வயரு விட்டுருச்சு. ஒரு கை பத்தல. வந்து புடி."

சார்ஜனைப் பார்த்தேன். அவர் என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போ என்று தலையை ஆட்டினார். அந்த நடையை எப்படி நடந்தேனென்று தெரியாது. அண்ணன் காட்டிய இடத்தில் வயரை விரலால் அழுத்திப் பிடித்தேன். "அசையாதடி" என்றான், குரலே இல்லாமல்.

டிக் என்றது. அந்த ஈர ரோட்டின்மேல் சிவப்பும் பச்சையும் பூத்தன. அணைந்தன. மறுபடியும் பூத்தன. தார் ரோட்டில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரிலும் அதே நிறங்கள். ஒரு சத்தமில்லை. அந்தச் சின்ன டிக் டிக் மட்டும் கேட்டது. மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு தலையாக மேலே வந்தது. பெட்டியைத் திறந்த அந்தச் சிப்பாய் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, வயர் தண்ணீரில் படாமல் இருக்க மறுமுனையைத் தூக்கிப் பிடித்தான். ரோட்டுக்கு அந்தப்பக்கம் அந்தப் பெண் தன் பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். எங்கள் வேதக் கோயிலில் பூசை காணும்போதுகூட நான் அப்படி ஒரு அமைதியைக் கண்டதில்லை.

பேட்டரி இறங்கிவிடும் என்று அண்ணன் வயரை எடுக்கப் போனான். சார்ஜன் கையைக் காட்டி நிறுத்தினார். "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் மகன்" என்றார் சிங்களத்தில். கொண்டக்டர்கூட அவசரப்படுத்தவில்லை.

வீட்டில் அந்தச் சரத்தை மரத்தில் சுற்றியபோது அப்பா சின்னப்பிள்ளை மாதிரிக் கையைத் தட்டினார். லயமே வந்து எங்கள் வாசல் இஸ்தோப்பில் கூடிக் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடியது. ஆனால் பாதிப் பாட்டிலேயே பல்புகள் மங்கி அணைந்துவிட்டன. "இம்புட்டுத்தானா உங்க கராஜி வேலை?" என்று அம்மா அண்ணனைக் கேலி செய்தார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சாவடியில் நடந்ததை அம்மா கண்மூடும் வரைக்கும் சொல்லவே இல்லை.

இப்போது என் வீட்டில் கரண்ட் இருக்கிறது. கடையில் வாங்கிய பல்புகளைப் பிள்ளைகள் மரத்தில் சுற்றிவிட்டு, "அம்மா, சுவிச்சைப் போடுங்க" என்பார்கள். போடுவதற்கும் எரிவதற்கும் இடையில் எனக்கு மூச்சு ஒரு தரம் நின்றுதான் வருகிறது. எரிந்ததும், துப்பாக்கி பிடித்த கைகளும் பயந்து ஓடிய கால்களும் ஒரு பிடி வெளிச்சத்தின் முன்னால் வெறும் மனிதர்களாய் நின்றதை நான் என் கண்ணால் கண்டவள் என்று நெஞ்சு நிறைந்துபோகிறது.